கடைசி பஸ்ஸிலிருந்து எண்ணுகிறவள்

"வர்ற ஞாயித்துக்கெழம மலைக்குப் போறோம். வர்றவங்க மொத ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. வராதவங்கள நான் தேட மாட்டேன், சொல்லிட்டேன்."

உறுவையாறு என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டு வாசலில் நின்று அத்தை இதைச் சொல்லிவிட்டுப் போவாள். அவளைப் பொறுத்தவரை தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அதுல ஒருத்தி ஓகேன்னு போடுவா, இன்னொருத்தி கை கும்புடுவா. அதையெல்லாம் யாரு பாத்துகினு ஒக்காந்திருக்கறது?" என்றாள்.

அத்தை என்றால் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்தாள். என் அம்மாவை அண்ணி என்று கூப்பிடுவாள், அந்தக் கணக்கில் எனக்கு அத்தை. பெயர் வேண்டாம். வில்லியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரொட்டிப்பால் வேலை. காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றி, ரொட்டி கொடுத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். கறுப்பாக, ஒல்லியாக, கழுத்து நரம்பு தெரிய இருப்பாள். நடந்தால் பக்கத்தில் வருகிறவர் ஓட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மலை என்று ஒன்று கிடையாது. ஏரிக்கரையும் ஆற்றுப் பாலமும்தான் நாங்கள் ஏறி இறங்கிய மேடு. வில்லியனூர் கோயில் கோபுரத்தைத் தவிர அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாத ஊரில் இவளுக்கு மட்டும் மலைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ தெரியாது. கேட்டால் ஒரே பதில்தான்: "மேல காத்து நல்லாக்கீது."

அவளோடு என் அம்மா கிளம்பிப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அம்மாவுக்குச் சர்க்கரை. வலது முட்டியில் வலி வேறு. அத்தையோ யாருக்காகவும் நிற்காதவள். இந்த இரண்டும் ஒரு மலையில் ஒன்றாக ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

நிற்க மாட்டாள் என்று நான் சொல்வதைச் சும்மா வாய் வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பால் அண்டாவை மூடிவிடுவாள். ஒரு நாள் நான் ஏதோ சான்றிதழ் வாங்க அங்கே போயிருந்தேன். ஒரு சின்னப் பெண், டம்ளரைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடி வந்தது. மூடி விழுந்த சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. அண்டாவில் பால் இருந்தது, நானே பார்த்தேன். "கொடுங்களேன் அத்தை" என்றேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, கோபமே இல்லாமல், "நாளைக்கு வா கண்ணு" என்றாள். மறுநாள் அந்தப் பெண் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றதாக என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். எங்கள் தெருவில் புருஷன் சாப்பிடாமல் பெண்கள் தட்டைத் தொட மாட்டார்கள், குடித்துவிட்டு எத்தனை மணிக்கு வந்தாலும் சரி. அத்தை பசித்ததும் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள், மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். "பசிச்சா வந்திருப்பாரு" என்பாள். ஒரு ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு மாமியாரை அழைத்துப் போனாள். கூட்டத்தில் கிழவி எங்கோ விலகிவிட்டாள். அத்தை அங்கேயும் இங்கேயும் அலையவில்லை. பஸ் வந்தது, ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். "வூடு தெரியும், வாயி இருக்கு, வந்துடுவாங்க" என்று உலையை வைத்தாள். பொழுது சாயும்போது யாரோ ஒரு பையனின் பைக்கில் கிழவி வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு சாகும்வரை மருமகளோடு அவள் பேசவில்லை. அத்தைக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

ஒருநாள் நான் மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன், ஏன் இப்படி என்று. ரேஷன் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றிருந்த பெண்களைக் கையை நீட்டிக் காட்டினாள்.

"பாரு. தண்ணிக்கு நின்னாச்சு, அரிசிக்கு நின்னாச்சு, ஆஸ்பத்திரியில நின்னாச்சு, குடிச்சிட்டு வர்றவனுக்கு வாசல்ல நின்னாச்சு. பொம்பளன்னா நிக்கறதுதான் வேலயா? நான் நின்ன வரைக்கும் போதும்டி."

சொல்லிவிட்டு வரிசையை விட்டுப் போய்விட்டாள். அந்த மாதம் அவள் வீட்டில் சர்க்கரை இல்லை.

இப்படிப்பட்டவளோடு பெண்கள் ஏன் போனார்கள்? வேறு யார் அழைத்துப் போனார்கள், அதைச் சொல்லுங்கள். என் அப்பா, இருந்த காலத்தில், அம்மாவை விழுப்புரம் தாண்டி அழைத்துப் போனதில்லை. அம்மா காலையில் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவாள், புல் அறுப்பாள், சாயங்காலம் மறுபடி கறப்பாள். அவள் பார்த்த உலகம் அந்தப் பசுவின் பின்பக்கம்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அத்தையோடு முதல் தடவை மலைக்குப் போய்விட்டு வந்த அன்று அம்மாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பைக் கழற்றாமலே நின்று, "மேகம் நம்ம காலுக்குக் கீழ போவுதுடி" என்றாள். அம்பத்திரண்டு வயசில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதற்காக அத்தையின் காலில்கூட விழுவேன். அன்று அப்படித்தான் நினைத்தேன்.

வேன் பிடித்துப் போவதை அத்தை மதிக்க மாட்டாள். "வேனுன்னா டிரைவரு இஷ்டத்துக்கு நிப்பான், கிளம்புவான். கெவுருமெண்ட்டு பஸ்ஸுன்னா அது பாட்டுக்குப் போய்கினே இருக்கும்" என்பாள். திட்டம் போடும் விதமே தனி. எல்லாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில் ஆரம்பிப்போம். அவள் திரும்பி வருகிற கடைசி பஸ்ஸிலிருந்து ஆரம்பிப்பாள். மலையடிவாரத்திலிருந்து கடைசி பஸ் எப்போது, அதைப் பிடிக்க எப்போது கீழே இருக்க வேண்டும், அதற்கு உச்சியை விட்டு எப்போது இறங்க வேண்டும், அதற்கு எப்போது ஏற வேண்டும் என்று பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்து வில்லியனூர் ஸ்டேஷனில் முடிப்பாள். நாங்கள் எங்கள் வீட்டுக் களத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். காகிதம் கிடையாது, எல்லாம் விரலில்தான்.

எந்த ஊருக்குப் போனாலும் பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டு வருவாள். அவள் போனில் பாதி நம்பர் டீக்கடைக்காரர்களுடையது. போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "அண்ணா, அந்தச் சாயங்கால பஸ்ஸு இன்னும் ஓடுதா? ஞாயித்துக்கெழமையும் வருதா?" என்று கேட்பாள். போனில் மேப் பார்க்கலாமே அத்தை என்றால், "மேப்பா பஸ்ஸ ஓட்டுது?" என்பாள்.

அப்புறம் நம்பர். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கூட்டமாகப் போகிறபோது ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவாள். அத்தை ஒன்று. அம்மாவுக்கு மூன்று. லூர்து அக்காவுக்கு நான்கு. பஸ்ஸில் ஏறும் முன், மலையில் இறங்கத் தொடங்கும் முன், திரும்பிப் பார்க்காமலே "ஒண்ணு" என்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் நடந்துவிடுவாள். ஒரு எண் வரவில்லை என்றால் நின்று தேடுவாள் என்று நினைக்காதீர்கள். "மூணு வரல. மூணு அடுத்த பஸ்ஸுல வரும்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாலோ, ஒதுங்கப் போயிருந்தாலோ, பக்கத்து எண்காரி குரலை மாற்றி அவள் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள். அத்தைக்குத் தெரியாது என்று அத்தனை பேருக்கும் நினைப்பு. நல்ல மனசில் செய்த காரியம்தான். ஆனால் அது என்றைக்காவது கழுத்தை அறுக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

லூர்து அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு அடுத்த வீடு. மாதா கோயில் திருவிழாவில் ஒன்பது நாளும் போய் நிற்கிறவள். சிவன் மலைக்கும் பெருமாள் மலைக்கும் அத்தையோடு வருவாள். "எனக்கு சாமி வோணாம், எல்லாத்தையும் வுட்டுட்டு ஒரு நாளு வெளிய போனா போதும்" என்பாள். அம்மாவுக்கு அவள்தான் உயிர்த் தோழி.

அந்த மலையின் பெயரைச் சொல்லவில்லை. திருவண்ணாமலை தாண்டி, போளூர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பாதி தூரம் படி, அதற்கு மேல் பாறை. உச்சியில் ஒரு சின்னச் சிவன் கோயில். அம்மாவுக்கு இது ஆகாது என்று நான் சண்டை போட்டேன். "எட்டு பேரு போறோம்டி, நான் ஒருத்தி இன்னா தொலஞ்சா போயிடுவேன்?" என்றாள் அம்மா. சரி, நானும் வருகிறேன் என்று துணிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒன்பதாவது ஆளாகக் கிளம்பினேன். அவள் பக்கத்திலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

விழுப்புரத்துக்கு ரயில், அங்கிருந்து பஸ், பஸ் மாறி இன்னொரு பஸ். அடிவாரத்தில் இறங்கும்போது, நாள் முந்தி, எனக்குத் தூரமாகிவிட்டது. கோயில் மலை, ஏறக்கூடாது என்று அம்மா ஒரே பிடி. "சாமியா வந்து கேக்கப்போவுது?" என்றாள் லூர்து அக்கா. அம்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா பையப் பாத்துகினு இங்க ஒக்காரு. பேசிகினு நிக்காதீங்க" என்றாள் அத்தை. அதற்குள் நாலு படி ஏறியிருந்தாள்.

நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். எட்டு பேரும் ஏறினார்கள். அம்மா கடைசியில் இருந்தாள். ஒரு திருப்பத்தில் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கையை ஆட்டினாள். அப்புறம் மரம் மறைத்துவிட்டது.

அந்தப் பகல் நகரவே இல்லை. டீக்கடைக்காரர் நல்ல மனிதர், பெஞ்சை நிழலுக்கு இழுத்துப் போட்டார். மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்கு மேல் உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்தது. அம்மா ஆசையோடு சொன்ன மேகம்தான். கீழே இருந்து பார்க்கையில் எனக்குப் பிடிக்கவில்லை. காற்று நின்று, இலை அசையாமல் இருந்தது. "பாற ஈரமாச்சுன்னா வழுக்கும்" என்றார் டீக்கடைக்காரர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல் டம்ளர் கழுவப் போனார்.

பொழுது சாயத் தொடங்கியபோது பஸ் வந்து திரும்பி நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. அதே நேரம் படியில் அத்தை தெரிந்தாள். பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் எண்ணினேன். லூர்து அக்கா கடைசியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் படி காலியாக இருந்தது.

"அம்மா எங்கக்கா?"

லூர்து அக்கா திரும்பிப் பார்த்தாள். "பின்னாலதான் வந்தாங்க. பின்னாலதான்டி வந்தாங்க. மேல நம்பரு சொல்லும்போது உக்காந்திருந்தாங்கன்னு நான்தான் மூணும் சொன்னேன், நாலும் சொன்னேன். எழுந்து வந்துடுவாங்கன்னு..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். அத்தை மற்றவர்களைப் பஸ்ஸுக்குள் தள்ளினாள். "ஏறுங்க. ஏறுங்க. இதுதான் கடசி."

"அத்தை, அம்மா வரல!"

"வருவாங்க. பஸ்ஸு நிக்காது."

அவ்வளவுதான். ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பெண்கள் எங்களைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நானும் லூர்து அக்காவும் மட்டும் நின்றோம். அந்த நேரத்தில் அத்தை என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மலை நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் படிகளைப் பார்த்து ஓடினேன். டீக்கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது அவர் போன் அடித்தது.

"சொல்லும்மா... ஆமா, பொண்ணு இங்கதான் நிக்குது... எங்க, பிளவு பாறை கிட்டயா? கீழப் பக்கமா, மேலப் பக்கமா? சரி சரி. பயலுவள இட்டுகினு போறேன்."

போனை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். "பஸ்ஸுல போச்சே, அந்த அம்மாதான் பேசினது. உங்கம்மா பிளவு பாறைக்குக் கீழ எடது கைப் பக்கமா ஒக்காந்திருக்காங்களாம். பயப்படாதம்மா, முக்கா மணில போயிடுவோம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஏறி மறைந்த பிறகுதான் மெல்ல மண்டையில் உறைத்தது. இடது கைப் பக்கம் என்று அத்தைக்கு எப்படித் தெரியும்?

லூர்து அக்காவும் அழுகையை நிறுத்தியிருந்தாள். "நம்பரு சொன்னப்பறம் உங்கத்ததான், தண்ணி பாட்டில மறந்துட்டேன்னு மேல போனாடி. ஒரு நிமிசத்துல ஓடி வந்து எங்கள முந்திகினா" என்றாள் மெதுவாக. "கையில பாட்டிலு இல்ல."

நாங்கள் இருவரும் படியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

நன்றாக இருட்டிய பிறகுதான் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை நனைந்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கையில் அத்தையின் பாட்டில். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வாயில் போட்டுக்கொள்ள அத்தை வெல்லம் கொடுத்திருக்கிறாள். நான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என் தோளுக்கு மேல் ரோட்டை எட்டிப் பார்த்து, "பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டாள்.

அன்று டீக்கடைக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் ஊர் வந்தோம். இரண்டு நாள் கழித்து அத்தை ஒன்றுமே நடக்காதது போல் எங்கள் களத்துக்கு வந்தாள். நான் வாசலிலேயே மறித்தேன்.

"தெரிஞ்சேதான் வுட்டுட்டு வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

ஒரு சின்னத் தயக்கமாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"நான் நின்னிருந்தா மத்த ஆறு பேரும் நிப்பாளுங்க. ஈரப் பாறையில இருட்டுல எட்டு பேரும் எறங்கணும். எத்தினி பேரு உருளுவாளுங்க, நீயே சொல்லு. கீழ எறங்கினாத்தான் போன்ல சிக்னலு கெடைக்கும், ஆளு அனுப்ப முடியும். அங்கியே வாயத் தொறந்திருந்தா அத்தினி பேரும் மேல ஓடியிருப்பீங்க. பஸ்ஸு ஏறினதும் ஆளு அனுப்பினேன். வந்தாங்களா, இல்லியா?"

"எங்கம்மா செத்திருந்தா?"

"ஒருத்தரோட போயிருக்கும்" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சரியாகவே பேசுகிற ஒருத்தியிடம் என் அம்மாவை எப்படிக் காப்பாற்றுவது?

"அங்க நீங்க ஒக்காந்திருந்தா?"

"என்னியும் வுட்டுட்டு வரணும். அதுக்குத்தான நம்பரு."

அதற்குள் அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தாள். அவள் அத்தையை அடித்து விரட்டுவாள் என்றுதான் நான் நினைத்தேன். "வுடுடி, அவ சொல்றது நாயந்தான்" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "அடுத்த வாட்டி எனக்கு ரெண்டாம் நம்பரு குடு. நான் முன்னாடி நடக்கறேன்" என்றாள்.

அதன்பின் அம்மா ஆளே மாறிப்போனாள். விடிகிற நேரத்தில் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருவாள். மாத்திரையை வேளைக்குப் போட்டாள். முட்டிக்கு உறை வாங்கினாள். பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். எனக்கு மட்டும் அவள் நடையில் யாரையோ கண்டு ஓடுகிற வேகம் தெரிந்தது. லூர்து அக்கா மலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் பேசுவதும் குறைந்துபோனது.

நான் கல்யாணமாகி நெல்லிக்குப்பம் பக்கம் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா பஸ் ஏறியதும் போன் பண்ண வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பண்ணுவாள். டீக்கடைக்காரர்களின் நம்பர் எல்லாம் இப்போது அவள் போனிலும் இருந்தன. நடுவில் ஒருமுறை, அத்தைக்குப் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள்.

"டாக்டருகிட்ட காட்டச் சொல்லும்மா."

"சொல்லாமயா இருக்கேன்? பெரியாஸ்பத்திரியில சீட்டு வாங்க நிக்கணும், டாக்டரு ரூம்பு வாசல்ல நிக்கணும், மாத்திரைக்கு நிக்கணுமாம். போவ மாட்டேங்கிறா."

நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம், மழை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சிக்கு அப்பால் ஏதோ ஒரு மலை. சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது. பஸ் சத்தம் கேட்டது.

"ஏறிட்டோம்" என்றாள்.

அம்மா வழக்கமாகப் போனை அத்தையிடம் கொடுப்பாள், அத்தை பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு அதட்டு அதட்டுவாள். அன்று கொடுக்கவில்லை.

"அத்தையக் குடும்மா."

பஸ் கியர் மாறுகிற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"அவ மேல ஒக்காந்துட்டா" என்றாள் அம்மா. "வையி. டீக்கடக்காரருக்குப் போன் போடணும்."

டீக்கடைக்காரர் ஆட்களோடு ஏறிப் போனபோது அத்தை ஒரு பாறையில் சாய்ந்து, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு வலிதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள்.

அத்தையை எடுக்கிற அன்று நான் ஊருக்கு வந்தேன். தெருவில் யாரும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அத்தையின் மகள் மட்டும் வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, "எங்கம்மா சொன்னபடிதான செஞ்சீங்க, வுடுங்க" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, நான் கிளம்புவதற்கு முன்தினம், அம்மா மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறந்துகொண்டே இருந்தவள், என்னைப் பார்க்காமல், பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் நிக்கறேன்னுதான் சொன்னேன். கல்லத் தூக்கினு அடிக்க வந்தா. போடி, பஸ்ஸு போயிடும், போடின்னு. நம்பரு சொல்லச் சொன்னா. நான் ரெண்டு சொன்னேன். எல்லாரும் சொன்னாளுங்க. எறங்கினோம்."

பால் பீய்ச்சுகிற சத்தம் நின்றது.

"கொஞ்ச தூரம் வந்தப்பறம் கூப்பிட்டாடி. அண்ணின்னு. ஒரே ஒரு வாட்டி. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு போல. திரும்பினா திட்டுவான்னு நான் திரும்பல."

நான் கன்றின் கயிற்றை விட்டுவிட்டேன். அது ஓடிப்போய்த் தாயின் மடியில் முட்டியது. அம்மா அதைத் தள்ளவில்லை.

"நின்னிருக்கலாம்டி" என்றாள். "ஒரு பஸ்ஸுதான."